கையெழுத்தில்லாத உண்டியல்: சதிக்கதைகள் பரவும் விதம் குறித்து ஒரு வியாபாரியின் ஆய்வு

வதந்தி வேறு, சதிக்கதை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். "உப்பு கிடைக்காதாம்" என்பது வதந்தி. "உப்பு கிடைக்கவிடாமல் பண்ணுகிறவன் ஒருத்தன் இருக்கிறான், அதை வெளியில் சொல்லவிடாமல் பத்திரிகைக்காரன் வாயையும் கட்டி வைத்திருக்கிறான்" என்பது சதிக்கதை. முன்னது இரண்டு நாளில் தானே செத்துவிடும். மளிகைக் கடையில் உப்பு மூட்டையைக் கண்ணால் பார்த்தால் போதும். பின்னது மூட்டையைக் காட்டினாலும் சாகாது. மூட்டையை அங்கே வைத்ததே நம்மை ஏமாற்றத்தான் என்று சொல்லிவிடும். மறுப்பையே உணவாகக் கொண்டு வளர்வது இதன் தனி இயல்பு.

மலர்க் குழுவினர் "இலக்கியமாக ஏதாவது எழுதுங்கள் ஐயா" என்றுதான் கேட்டார்கள். இதுவும் இலக்கியம்தான் என்பது என் துணிபு. இன்று நம் வீடுகளில் அதிகம் படிக்கப்படும் தமிழ் உரைநடை எது? திருக்குறள் உரையா, நாவலா? காலையில் பல் துலக்குமுன் செல்பேசியில் வந்து விழுகிறதே, "அவசரம், அனைவருக்கும் அனுப்பவும்" என்ற செய்தி, அதுதான். இவ்வளவு பேர் படிக்கும் ஒன்றை நம் திறனாய்வாளர்கள் தொடாமலே இருக்கிறார்கள். தொட்டால் கை அழுக்காகும் என்ற எண்ணம் போலும். எனக்குப் பட்டம் எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கவலையும் இல்லை.

சிவாஜிநகரில் பாத்திரக்கடை வைத்து எனக்கு நாற்பதாண்டு ஆகிறது. தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு நான்கும் ஒரே வரிசையில் நின்று பேரம் பேசும் இடம் இது. இங்கே கல்லாவில் உட்கார்ந்து நான் நேரில் பார்த்த சதிக்கதைகளில் முதன்மையானது பத்து ரூபாய் நாணயத்தின் கதை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்குள் சில்லு வைத்திருக்கிறார்கள், பூமிக்குள் புதைத்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று அப்போது தொலைக்காட்சியிலேயே சொன்னார்கள். அதே சமயத்தில்தான் நாணயக் கதையும் வேகம் பிடித்தது. ஓரத்தில் 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் போலி. ரூபாய்க் குறி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போலி.

உண்மை என்னவென்றால் இரண்டும் நல்ல காசுதான். ரூபாய்க் குறி நாணயத்தில் ஏறியது 2011இல்; அதற்கு முன்பு அடித்த காசில் குறி எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும். 14440 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் குரலே வந்து சொல்லும்படி ஏற்பாடும் செய்தது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ரூபாய் நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம், வாங்கலாம். இவ்வளவும் அச்சடித்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். படித்துப் பார்த்த ஒரு அம்மா சொன்னார்: "விஷயம் இல்லாமலா நயினாரே இவ்ளோ தடவ சொல்றாங்க? நோட்டா குடுங்க."

ஆனால் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அந்த அம்மாவை அன்று. காசு வேண்டாம் என்று சொன்னவர்களை எல்லாம் ஒரு வாரம் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன், "நீங்க இது போலின்னு நம்புறீங்களா?" என்று. ஏறக்குறைய எல்லாரும் தந்த விடை ஒன்றே: "எனக்குத் தெரியும் சார் நல்ல காசுன்னு. பஸ்ல வாங்க மாட்டேங்கறானே." பஸ்காரர் சொன்னார்: "டீக்கடையில வாங்கறதில்ல." டீக்கடைக்காரர் பால்காரர் மேல் போட்டார். எங்கள் வடஆர்க்காட்டுப் பக்கம் போனால் இன்னும் மோசம், தட்டிலேயே திருப்பி வைத்துவிடுவார்கள். ஆக, நம்புகிறவன் ஒருவன்கூட இல்லாமலே ஒரு கதை ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ முடியும். அடுத்தவன் நம்புகிறான் என்று ஒவ்வொருவனும் நம்பினால் போதும். சதிக்கதையை நம்புகிறவர்கள் முட்டாள்கள் என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. அங்கே யாரும் முட்டாள் இல்லை. எல்லாரும் கணக்குப் பார்த்தவர்கள்தான்.

சதி என்பதே உலகில் இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் பெங்களூருக்காரர்களுக்கு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தெல்கியின் முத்திரைத்தாள் மோசடி நம் கண்முன் நடந்ததுதானே? கானாப்பூரிலிருந்து வந்த அப்துல் கரீம் தெல்கி, அரசாங்க முத்திரைத்தாளையே போலியாக அச்சடித்து மாநிலம் மாநிலமாக விற்றார். அதிகாரிகளும் போலீசாருமே உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்டது. 2001இல் பிடிபட்டார், தண்டனை பெற்றார், பெங்களூரில் கைதியாக இருந்தபடியே 2017இல் இறந்தார். கடை வாடகைப் பத்திரம் எழுதிய நாங்கள் எல்லாம் அப்போது பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். அது அசல் சதி. எப்படி வெளிவந்தது என்று பாருங்கள்: பிடிபட்ட ஆட்கள், கைப்பற்றிய அச்சு இயந்திரம், வாங்கினவர் விற்றவர் பெயர், நீதிமன்றம், குறுக்கு விசாரணை. அசல் சதியில் பேராசை தெரியும், சில்லறைத் தவறுகள் தெரியும், ஒருவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பது தெரியும். சதிக்கதையிலோ சதிகாரன் தவறே செய்வதில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து செய்தாலும் ஒருவன்கூட வாய்திறப்பதில்லை. நாலு பங்காளி சேர்ந்து ஒரு கடை நடத்திப் பார்த்தவன் எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

பிறகு ஏன் மனம் அங்கே போகிறது? ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலார் 1947இல் எழுதிய நூலில், விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இவ்விரண்டையும் பெருக்கினால் வதந்தியின் பலம் என்றார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். கார்ல் பாப்பர் 1945இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி போனார். முன்பு மழை பொய்த்தால் தெய்வத்தின் கோபம் என்றார்கள். தெய்வத்தை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்ட பிறகும் நாற்காலி காலியாக இருக்க மனம் ஒப்பவில்லை, ஆகவே யாரோ சில பலசாலிகளை அதில் உட்கார வைத்தார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுண்டு. சதிக்கதை கேட்பவனுக்கு ஒரு பதவியைத் தருகிறது. அதுவரை அவன் வெறும் கேட்பவன். கதை காதில் விழுந்த நிமிஷத்தில் அவன் விஷயம் தெரிந்தவன் ஆகிவிடுகிறான், குடும்பத்தைக் காப்பவன் ஆகிவிடுகிறான். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பதவி எவ்வளவு இனிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பரவும் விதத்துக்கு வருகிறேன். தலைப்பில் உள்ள உண்டியல் கோயில் உண்டியல் அன்று. முற்காலத்து வியாபாரிகள் ரொக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பிய சீட்டு. வடக்கத்தியார் ஹுண்டி என்பர். சௌகார்பேட்டையில் எழுதிய சீட்டு இங்கே பணமாகும். நடுவில் மூன்று நான்கு பேர் கைமாறலாம். மாற்றுகிறவன் பின்புறத்தில் கையெழுத்துப் போடுவான். சீட்டுக்குப் பணம் வரவில்லை என்றால் எழுதினவனை மட்டுமல்ல, கையெழுத்துப் போட்டவனையும் பிடிக்கலாம். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமும் புறக்குறிப்பு எழுதினவனைப் பொறுப்பாளி ஆக்கியது. அதனால் கை மாற்றுமுன் ஒவ்வொருவனும் ஒருமுறை சீட்டைப் புரட்டிப் பார்ப்பான். செல்பேசிச் செய்தியும் உண்டியல் போலவே நம்பிக்கையின் பேரில்தான் கைமாறுகிறது. "அத்தான் அனுப்பினார்." அத்தான் ஆயுளில் பொய் சொல்லாதவர். ஆனால் அதை எழுதியவர் அத்தான் இல்லையே! அத்தான்மேல் உள்ள நம்பிக்கை சீட்டுக்கு மாறிவிடுகிறது, அத்தானின் பொறுப்பு மட்டும் மாறுவதில்லை. பணம் வராவிட்டால் அவர் சொல்லிவிடலாம், "எனக்கு வந்தது, அனுப்பினேன்."

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையானது. அக்கா கோவையில், மகன் டல்லாஸில், மாமா சிங்கப்பூரில், நாம் பெங்களூரில். நமக்கு மிஞ்சிய ஊர் அந்தக் குடும்பக் குழு ஒன்றுதான். அதில் பெரியவர் ஒருவர் அனுப்பியதை "தப்புங்க மாமா" என்று நாற்பது பேர் முன்னால் சொல்வது, கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று உப்பு இல்லை என்று கத்துவது மாதிரி. யாரும் சொல்வதில்லை. சொல்லாமையை ஒப்புதல் என்று அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரத்தன்று, என் போன் அடங்கவே இல்லை. நாற்பதுக்கு மேல் பஸ்களைக் கொளுத்தினார்கள், அது உண்மை. ஆனால் தெருத் தெருவாகத் தமிழர் வீடுகள் எரிகின்றன என்று என்னிடமே, பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே, சென்னையிலிருந்து தெரிவித்தார்கள். பக்கத்துக் கடைக் கன்னட நண்பருக்குச் சென்னையில் கன்னடர் வீடுகள் எரிவதாக வந்திருந்தது. அங்கே ஓர் ஓட்டல் தாக்கப்பட்டது உண்மை, மற்றது இட்டுக்கட்டு. இரண்டு செல்பேசியையும் கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் ஒரே செய்யுள். 1991 டிசம்பரைப் பார்த்தவர்கள் அதை நம்பியதில் வியப்பில்லை. பயத்துக்கு நினைவு அதிகம்.

2012 ஆகஸ்டில் இதே பெங்களூரில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரயிலேறியதையும் இங்கே நினைக்க வேண்டும். அசாம் கலவரத்துக்குப் பழிவாங்க ரம்ஜானுக்குப் பிறகு தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தி. கூட்டம் தாங்காமல் குவாஹாத்திக்குத் தனி ரயில் விட்டார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு 15 நாள் தடைசெய்தது. ஒரு நாளைக்கு ஐந்துதான் என்றது. அழகு நிலையங்களிலும் ஓட்டல்களிலும் வேலை செய்த அந்தப் பிள்ளைகள் யாரையும் சந்தேகிக்கும் சுபாவம் உள்ளவர்கள் அல்லர். அந்நிய ஊரில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி, உயிர் போன கதை. 2018 மே 9ஆம் தேதி, போளூரை அடுத்த அத்திமூர். அதே போளூர்ப் பக்கத்தில்தான் எங்கள் திருமலை, நேமிநாதர் மலையைக் குடைந்தாற்போல் நிற்கும் தலம். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க இறங்கியது. கூட வந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்தார். மற்றவர்கள் குற்றுயிராகப் பிழைத்தார்கள். அந்த மாதமே 23ஆம் தேதி நம் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞனைக் கயிற்றால் கட்டி இழுத்து அடித்துக் கொன்றார்கள். ஜூலையில் பீதர் மாவட்டம் முர்க்கியில் ஹைதராபாத் பொறியாளர் ஒருவர். அங்கேயும் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் தொடக்கம். நம்மூரில் குழந்தையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகாத மரபுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

அந்த மாதங்களில் சுற்றிய ஒளிப்படம் ஒன்றைப் பாடபேதம் பார்ப்பது போல் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து, தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விழிப்பூட்ட எடுத்த நடிப்புப் படம். கடைசியில் அதே இருவர் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள். நமக்கு வந்த பிரதியில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. வெட்டியவன் யார் என்று தெரியாது. ஏட்டில் கடைசி ஓலையை உருவிவிட்டால் நூல் தலைகீழாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஓலைச்சுவடி பெயர்த்தெழுதிய நம் முன்னோர் இறுதியில் என்ன ஆண்டு, என்ன நாள், இன்னான் எழுதியது, பிழை இருந்தால் பொறுக்க என்று எழுதி வைப்பார்கள். சமணர் வீடுகளில் சாத்திரம் எழுதிக் கொடுப்பதையே தானமாகச் செய்தவர்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல ஊர்ச் சுவடிகளை வரவழைத்து ஒத்துப் பார்த்தார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். ஒரு பிரதியைத் தந்தவர் பெரிய மனிதர் என்பதற்காக அவர் பாடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது நல்லதே. ஆனால் அது கைமாறும் வேகத்தைக் குறைக்குமே தவிர, கையெழுத்தைக் கொண்டுவராது.

ஊரார் கதையை எல்லாம் சொல்லிவிட்டு எங்கள் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தம்பி மகன் ஒருநாள் படம் ஒன்று அனுப்பினான்: "மறைக்கப்பட்ட வரலாறு. மதுரையில் 8000 சமணர் கழுவேற்றம். பகிரவும்." கீழே, "இதையாவது ஃபார்வர்டு பண்ணுங்க பெரியப்பா" என்று வேறு.

இந்தக் கதை எப்படி வந்தது? ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர். அவர் பதிகங்களில் சமணரைக் கடிந்த பாட்டு ஏராளம். எண்ணாயிரவரைக் கழுவேற்றிய செய்தி இல்லை. அது அவருக்கு மூன்று நூற்றாண்டாவது பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியிடம் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தார். பெரியபுராணத்தில் அது தனியாக வரவில்லை, ஒரு சதியோடு வருகிறது: சமணர் சூழ்ச்சி செய்து சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தனர் என்று. பிறகு கோயில் சுவர் ஓவியங்களிலும் திருவிழாவிலும் நிலைத்துவிட்டது. சமண நூல் எதுவும் இப்படுகொலையைச் சொல்லவில்லை. அக்காலக் கல்வெட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று கவனியுங்கள். நாலடியார் பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். பஞ்சத்துக்காகப் பாண்டியனிடம் வந்து தங்கிய சமண முனிவர் 8000 பேர், சொல்லாமல் புறப்படும்போது ஆளுக்கு ஒரு வெண்பா எழுதி வைத்துப் போனார்கள். பாண்டியன் சினந்து வைகையில் எறிய, 400 ஏடுகள் எதிர்நீச்சல் போட்டு வந்தன. சம்பந்தர் கதையிலும் மதுரை, பாண்டியன், வைகை, வெள்ளத்தை எதிர்த்துச் செல்லும் ஏடு, எண்ணாயிரம் சமணர். ஒரே சரக்கு, இரண்டு கடையில் வேறு வேறு பாத்திரமாக வார்க்கப்பட்டிருக்கிறது. எண்ணாயிரம் என்பது மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றத்தோடு ஒட்டிய மரபு எண்ணாக இருக்கலாம் என்பது என் ஊகம்; தலை எண்ணிய கணக்காக எனக்குத் தோன்றவில்லை. சமயப் பூசலே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசர் ஆதரவு போயிற்று, பள்ளிகள் கைமாறின, எங்கள் எண்ணிக்கை குறைந்தது, இதெல்லாம் நடந்ததே.

பையனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம். "நம்ம ஆளுங்க செத்தத நீங்களே இல்லேன்றீங்களா பெரியப்பா?" பிறகு அநேகாந்தவாதத்தை எடுத்துக்கொண்டான்: "எல்லாப் பக்கமும் உண்மைன்னுதானே நம்ம சமயம் சொல்லுது?" அநேகாந்தம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பொருளை எந்த நிலையில் நின்று சொல்கிறாய் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல் என்கிறது. நிற்கும் இடம் தெரியாத பேச்சுக்கு அதில் இடமில்லை. எண்ணாயிரத்தை நம்பும் சைவ நண்பருக்கு வெற்றியின் சுகம் கிடைக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு இரத்தசாட்சிப் பரம்பரை என்ற சுகம் கிடைக்கிறது. இரு பக்கமும் ஒரே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன.

அவனுக்கு நான் காட்டியது சித்தன்னவாசல். கழுவேற்றம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழித்து, 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆட்சியில், அங்குள்ள சமணக் குகைக்கோயிலைப் புதுப்பித்தவர் பெயர் கல்லில் இருக்கிறது: இளங்கௌதமன், மதுரை ஆசிரியர். மதுரையிலிருந்தே வந்தவர்! சமணமலையிலும் கழுகுமலையிலும் அதே காலச் சிற்பங்களின் கீழ்ச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் வரிசையாக உள்ளன. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் புதுக்கோட்டை வழியாகப் போனால் சித்தன்னவாசலைப் பார்த்துவிடலாம். பாறை சூடேறுமுன் காலையிலேயே போவது நலம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.